நூலைக் கட்டிப் பார்த்தால் புரியும் செல் பிரிதல்

செல் பிரிதலைப் படிக்க வரும் மாணவர்கள் பெரும்பாலும் பெயர்களில்தான் தொடங்குகிறார்கள். உடற்செல் அதே குரோமோசோம் எண்ணிக்கையோடு இரண்டாகும் மைட்டாசிஸுக்குப் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ். முட்டை, விந்து போன்ற இனச்செல்களுக்காக எண்ணிக்கை பாதியாகும் மியாசிஸ் வந்ததும் லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன், டயாகைனசிஸ். வரிசை தப்பாமல் ஒப்பிப்பவரிடம், "மியாசிஸின் முதல் பிரிவு முடிந்ததும் ஒரு மனிதச் செல்லில் எத்தனை குரோமோசோம், எத்தனை குரோமாட்டிட்?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஆய்வகத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஸ்லைடு தயாரித்திருக்கிறேன். இந்தப் பாடம் ஒருவருக்குப் பிடிபடும் இடம் எது என்று கூர்ந்து கவனித்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. பெயர்களுக்கு முன்னால் இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்போது எது எதோடு கட்டுண்டு இருக்கிறது? அந்தக் கட்டு எப்போது அறுகிறது? மைட்டாசிஸ், மியாசிஸ், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, எங்கே பிழை நேர்கிறது, ஏன் நேர்கிறது என எல்லாமே இந்த இரண்டு கேள்விகளிலிருந்து வந்துவிடும்.

முதல் தடங்கல் படத்திலேயே இருக்கிறது. குரோமோசோம் என்றாலே எக்ஸ் வடிவத்தில் வரைந்து பழகிவிட்டோம். ஆனால் ஒரு செல்லின் வாழ்நாளில் மிகப் பெரும்பகுதி அப்படி ஒரு எக்ஸ் கிடையாது. மனித உடற்செல்லின் உட்கருவில் 46 டிஎன்ஏ இழைகள் இருக்கின்றன. நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் சுமார் 2 மீட்டர் வரும். உட்கருவின் குறுக்களவோ சில மைக்ரோமீட்டர்கள்தான். பிரிவதற்கு முன்னால், எஸ் நிலையில், ஒவ்வோர் இழையும் தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கிக்கொள்கிறது. மூலமும் நகலும் விலகிப் போய்விடாமல் கொஹீசின் என்ற வளையம் போன்ற புரதம் இரண்டையும் நீளவாக்கில் பிணைத்து வைக்கிறது. இப்படிப் பிணைந்த இரண்டுக்கும் சகோதரி குரோமாட்டிட்கள் என்று பெயர். பிரியும் வேளையில் இவை சுருண்டு தடிக்கும்போது கரங்களில் உள்ள கட்டுகள் முதலில் தளர்கின்றன. இரண்டும் கடைசிவரை சேர்ந்திருக்கும் இடமான சென்ட்ரோமியரில் உள்ள கட்டு மட்டும் நிற்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்து உருவம்தான் எக்ஸ்.

அதனால் வகுப்பில் நான் முதலில் சொல்லித்தருவது எண்ணும் முறை. குரோமோசோமை எண்ண வேண்டுமானால் சென்ட்ரோமியரை எண்ணுங்கள். வேறெதையும் பார்க்க வேண்டாம். எஸ் நிலைக்கு முன்னால் 46 குரோமோசோம், 46 இழை. எஸ் நிலைக்குப் பின்னும் குரோமோசோம் 46தான், ஆனால் குரோமாட்டிட்கள் 92. அனாஃபேஸில் சென்ட்ரோமியர்கள் பிரிந்த கணத்தில், செல் இன்னும் இரண்டாகாத நிலையில், அதற்குள் 92 குரோமோசோம்கள் இருக்கின்றன. பிறகு 46, 46 ஆகப் பங்கு போகின்றன. டிஎன்ஏவின் அளவு வேறு, குரோமோசோமின் எண்ணிக்கை வேறு என்ற தெளிவு இந்த இடத்திலேயே வந்துவிட வேண்டும். இதை நழுவவிட்டால் மியாசிஸ் முழுக்கக் குழப்பம்தான்.

இனி நூல். நான் கம்பளி நூல் இரண்டு நிறங்களில் எடுத்துக்கொள்வேன், சிவப்பும் நீலமும். சிவப்பு தாயிடமிருந்து வந்தது, நீலம் தந்தையிடமிருந்து வந்தது. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு நீளத் துண்டு, ஒரு குட்டைத் துண்டு. ஆக நான்கு குரோமோசோம்கள் உள்ள ஒரு செல். ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில், அதே நீளத்தில் ஒரு நகல். மூலத்தையும் நகலையும் மெல்லிய தையல் நூலால் பல இடங்களில் கட்ட வேண்டும். நடுவில் சென்ட்ரோமியருக்கு மட்டும் வேறு நிறத்தில் ஓர் இறுக்கமான முடிச்சு. கட்டும் வேலையை மாணவர்களே செய்ய வேண்டும். ஆசிரியர் கட்டிக்கொண்டு வந்து காட்டினால் பாதிப் பயன் போய்விடும். எத்தனை கட்டு, எங்கெங்கே கட்டு என்பது அவர்கள் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மைட்டாசிஸ். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, சென்ட்ரோமியரின் இரு பக்கங்களிலிருந்தும் கதிர்கோல் இழைகளாக, அதாவது செல்லின் துருவங்களை நோக்கிக் குரோமோசோம்களை இழுக்கும் இழைகளாக, நூல் மாட்டி இழுக்க வேண்டும். கட்டு இருக்கும்வரை இழுவை இரண்டு கைகளிலும் தெரியும். இப்போது அந்தக் கட்டுகளை முன்கூட்டியே வெட்டிவிட்டு இழுக்கச் சொல்வேன். இழுவையே இல்லை, துண்டுகள் எந்தப் பக்கமும் போகலாம், இரண்டும் ஒரே பக்கமும் போகலாம். கட்டு என்பது பிரிதலுக்குத் தடை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். கட்டு இருந்தால்தான் சரியாகப் பிரிய முடியும் என்று அந்த நொடியில் தெரிகிறது. செல்லும் இதே இழுவையைத்தான் சோதிக்கிறது. இரு துருவங்களிலிருந்தும் இழை மாட்டி, விறைப்பு உண்டாகியிருக்கிறதா என்று பார்க்கிறது. ஒரே ஒரு குரோமோசோம் மாட்டாமல் கிடந்தாலும் மற்ற எல்லாமே வரிசையில் காத்திருக்கும். எல்லாம் சரி என்ற பிறகுதான் செப்பரேஸ் என்ற நொதி கட்டவிழ்த்துவிடப்பட்டு, மிச்சமிருக்கும் கொஹீசினை அறுக்கிறது. அனாஃபேஸ் அப்போது தொடங்குகிறது. இந்தச் சுழற்சியை முறைப்படுத்தும் மூலக்கூறுகளைக் கண்டறிந்ததற்காக லீலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹன்ட், பால் நர்ஸ் மூவருக்கும் 2001இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மியாசிஸுக்கு வரும்போது நான் ஒரு கேள்வியை வீசிவிட்டுக் காத்திருப்பேன். சகோதரி குரோமாட்டிட்களுக்கு இடையே எஸ் நிலையிலிருந்தே கட்டு இருக்கிறது. முதல் பிரிவில் பிரிய வேண்டியவை அவையல்ல. தாயிடமிருந்து வந்த நீளச் சிவப்பும் தந்தையிடமிருந்து வந்த நீள நீலமும். இந்த இரண்டுக்கும் நடுவே என்ன கட்டு இருக்கிறது? எதுவும் இல்லை. வாழ்நாள் முழுக்க ஒரே உட்கருவுக்குள் தனித்தனியாகக் கிடந்தவை அவை. கட்டே இல்லாவிட்டால் இழுவை எப்படி வரும்? இழுவை இல்லாமல் சரியாக எப்படிப் பிரியும்?

இணைக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றம் ஏன் வேண்டும் என்று கேட்டால் "மரபு வேறுபாடு உண்டாக" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தச் செல்லுக்கு அப்போதே வேண்டியிருப்பது வேறு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்த ஒத்திசைவு குரோமோசோம்கள் இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடித்து, நீளவாக்கில் பொருந்தி, ஏதாவது ஓரிடத்திலாவது துண்டு மாற்றிக்கொண்டால்தான் அவை பிணையும். நுண்ணோக்கியில் தெரியும் அந்தப் பிணைப்புக்குத்தான் கயாஸ்மா என்று பெயர். இணை ஒன்றுக்குக் குறைந்தது ஒரு குறுக்கேற்றமாவது நிகழும்படி பெரும்பாலான உயிரினங்களின் செல்கள் பார்த்துக்கொள்கின்றன. அது நிகழாத இணை எந்தப் பக்கம் போகும் என்பது தற்செயலாகிவிடும்.

நூலில் இதைச் செய்து பார்ப்பது அழகான வேலை. ஒரு சிவப்பு குரோமாட்டிட்டையும் ஒரு நீல குரோமாட்டிட்டையும் ஒரே உயரத்தில் வெட்டி, துண்டுகளை மாற்றி முடிச்சுப் போட வேண்டும். இப்போது சிவப்பு சென்ட்ரோமியரையும் நீல சென்ட்ரோமியரையும் எதிரெதிராக இழுத்தால் விலகாது. எது பிடித்திருக்கிறது என்று தேடச் சொல்வேன். பெரும்பாலானோர் மாற்றிப் போட்ட முடிச்சைக் காட்டுவார்கள். அந்த முடிச்சு ஒரே குரோமாட்டிட்டின் தொடர்ச்சிதான். உண்மையில் பிடித்திருப்பது அதற்கு அப்பால், நுனிப்பக்கமாக உள்ள தையல் நூல் கட்டுகள். நீலத் துண்டு ஒன்று இப்போது சிவப்பு சென்ட்ரோமியரின் கரத்தில் தொங்குகிறது. அது தன் பழைய சகோதரியான நீலத்தோடு இன்னும் கட்டுண்டு இருக்கிறது. அதனால்தான் இரண்டு குரோமோசோம்களும் கோத்துக்கொண்டு நிற்கின்றன. இதைத் தாங்களே கண்டுபிடிக்கும் மாணவர்களின் முகத்தைப் பார்க்கத்தான் நான் இந்தப் பாடத்துக்காக ஒவ்வோர் ஆண்டும் காத்திருக்கிறேன்.

இதிலிருந்து அடுத்த கேள்வி தானே பிறக்கும். கரங்களில் உள்ள கட்டுகளை வெட்டினால் இணை பிரிந்துவிடும், சரி. ஆனால் சென்ட்ரோமியர் முடிச்சையும் சேர்த்து வெட்டிவிட்டால்? இரண்டாம் பிரிவுக்குக் கட்டே மிஞ்சாது. நான்கு குரோமாட்டிட்களும் தறிகெட்டுப் போகும். ஆகவே முதல் பிரிவில் கரங்களின் கட்டு அறுக வேண்டும், சென்ட்ரோமியரின் கட்டு காப்பாற்றப்பட வேண்டும். அப்படிக் காக்கும் புரதம் உண்மையிலேயே இருக்கிறது. ஷுகோஷின் என்று பெயரிட்டு 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை அறிவித்தார்கள். இரண்டாம் பிரிவில் அந்தக் காவல் நீங்கி, சென்ட்ரோமியர் கட்டும் அறுகிறது. நடுவில் எஸ் நிலை கிடையாது. டிஎன்ஏ மறுபடி நகலாவதில்லை.

இப்போது அந்த முதல் கேள்விக்கு விடை கஷ்டமில்லை. முதல் பிரிவு முடிந்த மனிதச் செல்லில் 23 குரோமோசோம்கள், 46 குரோமாட்டிட்கள். இரண்டாம் பிரிவு முடிந்தால் 23, 23. எண்ணிக்கை பாதியாவது முதல் பிரிவில். இரண்டாம் பிரிவு செய்முறையில் ஏறக்குறைய மைட்டாசிஸ்தான். 23 இணைகளும் எந்தப் பக்கம் போவது என்பது ஒன்றையொன்று பொறுத்ததல்ல என்பதால், குறுக்கேற்றத்தைக் கணக்கில் எடுக்காமலே ஒருவரிடமிருந்து 83,88,608 வகை இனச்செல்கள் வரலாம். குறுக்கேற்றத்தையும் சேர்த்தால் அந்தக் கணக்குக்கு எல்லையே சொல்ல முடியாது.

நூலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்தால்தான் இது கதையல்ல என்ற நம்பிக்கை வரும். வெங்காய வேர் நுனிதான் ஆரம்பத்துக்கு நல்லது. 16 குரோமோசோம்கள், ஒவ்வொன்றும் பெரியது, வேரும் சுலபமாக வளரும். பழைய காய்ந்த வேர்களை நறுக்கிவிட்டு, அடிப்பாகம் மட்டும் நீரில் படும்படி வைத்தால் சில நாட்களில் வெள்ளை வேர்கள் வந்துவிடும். 2 செ.மீ. அளவில் இருக்கும்போதே நுனியை வெட்ட வேண்டும். காலை 8 முதல் 10 மணிக்குள் வெட்டும் வழக்கம் ஆய்வகங்களில் உண்டு. வெட்டியதும் 3 பங்கு ஆல்கஹால், 1 பங்கு அசிட்டிக் அமிலம் கலந்த நிலைநிறுத்தும் கரைசலில் போட்டு ஒருநாள் வைத்தால் செல்கள் அந்தந்த நிலையிலேயே நின்றுவிடும். பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் மாற்றி வைத்துக்கொண்டால் தேவைப்படும்போது எடுக்கலாம்.

அடுத்து வரும் மூன்று இடங்களில்தான் ஸ்லைடு நன்றாக வருவதும் கெடுவதும் முடிவாகிறது. முதலாவது, செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டினைத் தளர்த்துவது. 60 டிகிரி வெப்பத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடங்கள் போதும். குறைந்தால் செல்கள் குவியலாகவே நிற்கும், கூடினால் சாயம் ஏறாது. இந்தக் கட்டத்தில் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் நான் அருகில் விடுவதில்லை. இரண்டாவது, எந்தப் பகுதியை எடுக்கிறோம் என்பது. வேரின் கடைசி 1 முதல் 2 மி.மீ. மட்டும்தான் ஆக்கு திசு, அதாவது செல்கள் பிரியும் பகுதி. சாயம் ஏறியபின் அந்த நுனி மட்டும் அடர்ந்து தெரியும். அதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி எறிந்துவிட வேண்டும். அதற்கு மேலே உள்ள செல்கள் நீளவாக்கில் வளர்ந்துகொண்டிருப்பவை. அவற்றில் பிரிதலைத் தேடுவது வீண். மூன்றாவது, நசுக்குவது. கவர் ஸ்லிப் போட்டு, மேலே ஒற்றுத்தாள் வைத்து, பென்சிலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டி, பிறகு கட்டைவிரலால் நேர்கீழாக அழுத்த வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தாலும் செல்கள் உருண்டு கிழிந்துவிடும். அசிட்டோகார்மைன் சாயத்தில் வேர் நுனியைக் குத்திப் பிரிக்க இரும்பு ஊசியைப் பயன்படுத்தினால் நிறம் இன்னும் கருத்து வரும். இரும்பு அந்தச் சாயத்தைக் குரோமோசோமில் அழுத்தமாகப் பதிய வைக்கிறது.

நுண்ணோக்கியில் 10 மடங்கு லென்ஸில் சதுரமான, பெரிய உட்கரு கொண்ட செல்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகே 40க்குப் போக வேண்டும். அவசரத்தில் நேராக 40இல் தேடுபவர்கள் காற்றுக் குமிழிகளையும் சாயத் துகள்களையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்த்தவுடன் தெரியும் முதல் உண்மை: மிகப் பெரும்பாலான செல்கள் பிரியவே இல்லை, இடைநிலையில் இருக்கின்றன. அனாஃபேஸ் கிடைப்பது அரிது. வேர் நுனியில் ஒவ்வொரு செல்லும் தன் போக்கில் பிரிவதால், எந்த நிலையில் எத்தனை செல்கள் இருக்கின்றன என்ற எண்ணிக்கையே அந்த நிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைத் தோராயமாகச் சொல்லிவிடும். 400 செல்களை எண்ணி 4 மட்டும் அனாஃபேஸில் இருந்தால் 1 சதவீதம். ஒரு முழுச் சுழற்சிக்கு 20 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் அனாஃபேஸுக்கு 12 நிமிடம். அசைவே இல்லாத, இறந்த செல்களை எண்ணி நேரத்தைக் கணக்கிடலாம் என்பது எனக்கு இன்றுவரை வியப்பாக இருக்கிறது. இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தன் ஸ்லைடிலிருந்தே போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

மியாசிஸ் ஸ்லைடு இன்னும் பொறுமை கேட்கும். அதே வெங்காயத்தின் பூமொட்டிலிருந்து மகரந்தப்பையை எடுக்கலாம். ஒரு மகரந்தப்பைக்குள் இருக்கும் தாய்ச்செல்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே நிலையைக் கடக்கின்றன. எனவே ஒரு மொட்டில் ஒரு நிலைதான் கிடைக்கும். மொட்டு பெரிதாகிவிட்டால் உள்ளே மகரந்தத் தூள் தயாராக இருக்கும். மிகச் சிறிதானால் தொடங்கியே இருக்காது. ஒரே பூங்கொத்தில் சிறிதிலிருந்து பெரிதுவரை மொட்டுகளை அளவுவாரியாக அடுக்கி, நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் போவதுதான் சுருக்கமான வழி. நான்கு செல்கள் ஒன்றாக ஒட்டிய தொகுதிகள் தெரிந்தால் இரண்டு பிரிவும் முடிந்துவிட்டது. அதைவிடச் சிறிய மொட்டுக்கு இறங்குங்கள். வேரில் 16 ஆகப் பார்த்த அதே குரோமோசோம்கள் இங்கே 8 இணைகளாக நிற்பதைப் பார்க்கும் மாணவருக்குக் கயாஸ்மா என்ற சொல் அதன்பிறகு மறக்காது.

இந்த அறிவு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லாமல் நான் வகுப்பை முடிப்பதில்லை. சலமாண்டர் இளம் உயிரிகளின் பெரிய செல்களைத் தேர்ந்தெடுத்துப் பார்த்த வால்தர் ஃபிளெமிங், தன் முழு விவரிப்பையும் 1882இல் வெளியிட்டார். மைட்டாசிஸ் என்ற பெயரும் அவர் வைத்ததே. குரோமோசோம் என்ற பெயர் 1888இல் வால்டயர் வைத்தது. குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவில் குரோமோசோம்கள் நான்குதான் என்பதால், முட்டையும் விந்தும் தலா இரண்டைத் தருகின்றன என்பதை எட்வார்ட் வான் பெனெடன் 1883இல் காட்ட முடிந்தது. மெண்டலின் காரணிகள் குரோமோசோம்களில்தான் இருக்க வேண்டும் என்று வெட்டுக்கிளிச் செல்களை வைத்து வால்டர் சட்டன் 1902, 1903 ஆண்டுகளில் எழுதினார். எந்த உயிரியைத் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பதை நான் இவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். குரோமோசோம்கள் குறைவாக, பெரிதாக இருக்க வேண்டும்.

மனிதனுடையவை சிறியவை, நிறைய. அதனால்தான் 1920களிலிருந்து உலகமே 48 என்று நம்பிக்கொண்டிருந்தது. உப்புச் செறிவு குறைந்த கரைசலில் செல்லை ஊற வைத்தால் அது உப்பி, குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரவும் என்பதை 1952இல் சூ என்ற ஆய்வாளர் அறிவித்தார். அந்த முறையை மேம்படுத்தி, ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் எண்ணியபோது 46 வந்தது. 1956இல் அது வெளியானது. மூன்றே ஆண்டுகளில், 1959இல், டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு 47 இருப்பதை ஜெரோம் லெஜூன், மார்த்தே கோட்டியே, ரேமண்ட் டர்பின் மூவரும் வெளியிட்டார்கள்.

இந்த இடத்தில் பாடம் வகுப்பறையைத் தாண்டிப் போய்விடுகிறது. ஒரு குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும் டிரைசோமி பற்றிப் பேசிய வகுப்புக்குப் பின் ஒரு மாணவி தங்கி நின்று, தன் தம்பிக்கு 21ஆம் குரோமோசோம் மூன்று என்றும், கர்ப்ப காலத்தில் தான் ஏதோ செய்துவிட்டதால்தான் இப்படி ஆனது என்று அம்மா இன்னும் நம்புவதாகவும் சொன்னாள். அதற்குப் பிறகு இந்தப் பகுதியை நான் விரைவாகக் கடப்பதில்லை. எந்த வகுப்பிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும்.

ஒரு பெண்ணின் முட்டைச் செல்கள் மியாசிஸைத் தொடங்குவது, அவள் தன் தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போது. இணைகள் பொருந்தி, குறுக்கேற்றம் நடந்து, முதல் பிரிவின் புரோஃபேஸிலேயே அவை நின்றுவிடுகின்றன. பருவமடைந்த பிறகு ஒவ்வொரு மாதமும் சிலவே மறுபடி தொடங்கும். முதல் பிரிவு முடிந்து ஒரு சிறு துருவச் செல் வெளியேறும். இரண்டாம் பிரிவின் மெட்டாஃபேஸில் மறுபடி நிற்கும். விந்து உள்ளே நுழைந்தால்தான் அது முடியும். அப்படியென்றால் 40 வயதில் முதிரும் முட்டையில், நாம் தையல் நூலால் கட்டிய அந்தக் கட்டுகள் 40 ஆண்டுகளுக்கு மேலாகத் தாங்கியிருக்க வேண்டும். வயது கூடக் கூட அவை தளர்கின்றன. டவுன் சின்ட்ரோமோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு தாயின் 20களின் தொடக்கத்தில் சுமார் 1,500இல் ஒன்று. 35இல் சுமார் 350இல் ஒன்று. 40இல் சுமார் 100இல் ஒன்று. டிரைசோமி 21இல் சுமார் 95 சதவீதம், குரோமோசோம்கள் சரியாகப் பிரியாததால் வருவது. அவற்றில் பெரும்பான்மை முட்டையின் முதல் பிரிவில் நேர்ந்தவை. சாப்பிட்டதோ, தூக்கிய சுமையோ, மனக்கவலையோ இதற்குக் காரணமல்ல. பெரும்பாலும் கர்ப்பம் உண்டாவதற்கு முன்பே அந்த முட்டையில் அது நடந்து முடிந்துவிடுகிறது. அந்த மாணவியிடம் இதை நூலை வைத்துச் செய்து காட்டினேன். அந்த நூலையும் வாங்கிக்கொண்டு போனாள், வீட்டில் காட்ட.

குரோமோசோம் சோதனை அறிக்கையைப் படிக்கவும் இந்தப் பாடம் உதவும். 47, எக்ஸ்எக்ஸ், +21 என்று இருந்தால் மொத்தம் 47, பெண் குழந்தை, 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல். சில செல்களில் 46, சிலவற்றில் 47 என்று கலந்து இருந்தால் அது மொசைக். பெரும்பாலும் கருவுற்ற பிறகு ஏதோ ஒரு மைட்டாசிஸில் நடந்த பிழை அல்லது திருத்தம். டிரைசோமி 21இல் மூன்று நான்கு சதவீதம்வரை, 21ஆம் குரோமோசோம் வேறொன்றோடு ஒட்டிக்கொண்ட இடமாற்ற வகை. இந்த வகை என்று அறிக்கையில் வந்தால் பெற்றோர் இருவரும் குரோமோசோம் சோதனை செய்துகொள்வது அவசியம். அவர்களில் ஒருவர் எந்த அறிகுறியும் இல்லாமல் அந்த ஒட்டிய குரோமோசோமைச் சுமந்துகொண்டிருக்கலாம்; அடுத்த கர்ப்பத்துக்கான வாய்ப்புக் கணக்கு அதனால் மாறிவிடும். மரபியல் ஆலோசகரைக் கட்டாயம் பார்க்கச் சொல்லும் இடம் இது.

"ரத்தம் கொடுத்து இத்தனை நாளாகியும் ரிசல்ட் வரவில்லையே" என்று தவிப்பவர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. சிவப்பணுக்களில் உட்கருவே இல்லை. வெள்ளையணுக்களில் லிம்போசைட்கள் இருக்கின்றன. ஆனால் ரத்தத்தில் அவை பிரிவதில்லை. தாவரப் புரதம் ஒன்றைச் சேர்த்து அவற்றைப் பிரியத் தூண்டி, சுமார் 72 மணி நேரம் வளர்த்து, கதிர்கோலைக் குலைக்கும் மருந்தால் மெட்டாஃபேஸில் நிறுத்தி, உப்ப வைத்து, ஸ்லைடில் விட்டு, சாயமேற்றி, பல செல்களில் ஒவ்வொரு குரோமோசோமாகச் சரிபார்க்கிறார்கள். அத்தனை நாள் அதற்கு வேண்டும்தான்.

கதிர்கோலைக் குலைக்கும் இதே உத்திதான் சில புற்றுநோய் மருந்துகளிலும் வேலை செய்கிறது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டினும் வின்பிளாஸ்டினும் அப்படிப்பட்டவை. முடியின் வேர்ச்செல்களும் எலும்பு மஜ்ஜையும் விரைவாகப் பிரிபவை என்பதால் இத்தகைய சிகிச்சைகளில் அவையும் சேர்ந்து அடிபடுகின்றன. வெங்காய வேரில் குரோமோசோம்களைப் பரப்பிக் காட்ட உதவும் கால்ச்சிசினும் இதே வகை. அது கடும் நஞ்சு. அதைக் கொண்டு தயாரித்த ஸ்லைடுகளை மாணவர்களிடம் கொடுப்பேனே தவிர, அந்தப் புட்டியைக் கொடுக்க மாட்டேன்.

கடைசியாக, தன் புரிதலைச் சோதித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு நான் தரும் கணக்குகள் இரண்டு. முதலாவது சுலபம். எக்ஸ்ஒய்ஒய் உள்ள ஓர் ஆண். பிழை இனச்செல்லில் என்றால் எங்கே? தாயிடம் ஒய் இல்லை, ஆக இரண்டு ஒய்யும் ஒரே விந்திலிருந்து வந்தவை. முதல் பிரிவில் பிழை என்றால் எக்ஸும் ஒய்யும் சேர்ந்து வந்திருக்கும். எனவே தந்தையின் இரண்டாம் பிரிவு.

இரண்டாவது: தந்தைக்கு நிறப்பார்வை இயல்பு, தாய் சிவப்பு பச்சை நிறக்குருடு மரபணு ஒன்றைச் சுமப்பவர், அவருக்குக் குறை இல்லை. மகனுக்கு எக்ஸ்எக்ஸ்ஒய், நிறக்குருடும் இருக்கிறது. பிழை எங்கே? வழக்கமாக எழுதும் விடை, "தாயின் இரண்டாம் பிரிவு". இரண்டு எக்ஸிலும் குறையுள்ள மரபணு இருக்க வேண்டும், சகோதரி குரோமாட்டிட்கள் சேர்ந்து போனால்தான் அது நடக்கும் என்பது வாதம். ஒருமுறை ஒரு மாணவன் நூலைக் கையில் வைத்துக்கொண்டு இதை மறுத்தான். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமின் நீளக் கரத்தின் நுனியில், சென்ட்ரோமியரிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. நடுவில் ஒரு குறுக்கேற்றம் நடந்தால் இரண்டு எக்ஸ்களிலும் ஒரு குரோமாட்டிட்டில் குறை, ஒன்றில் இயல்பு என்றாகிவிடும். முதல் பிரிவில் இரண்டு எக்ஸ்களும் பிரியாமல் ஒரே செல்லுக்குப் போய், இரண்டாம் பிரிவில் சகோதரிகள் ஒழுங்காகப் பிரிந்தால், நான்கில் ஒரு வாய்ப்பாகக் குறையுள்ள இரண்டும் ஒரே முட்டையில் சேரும். அவன் சொன்னது முழுக்கச் சரி. அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நான் "குறுக்கேற்றம் இல்லாதபோது", "குறுக்கேற்றம் நடந்தபோது" என்று இரண்டாகப் பிரித்தே கேட்கிறேன்.